அப்பா மடித்த டாக்கோ

முழங்கை வரை வழிந்த தயிரைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து அப்பா உட்கார்ந்திருந்த அந்த மழை நாள்தான், அண்ணியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. தரையில் விரித்த பாயின் நடுவே நாலைந்து கிண்ணங்கள், ஒரு துண்டில் சுற்றி வைத்த சூடான ரொட்டிகள். அப்பா சாப்பாட்டில் சுத்தக்காரர். குழம்புச் சோறானாலும் விரல் நுனியைத் தாண்டி ஒரு பருக்கை ஒட்டாது. அந்தக் கையில் தயிரும் தக்காளிச் சாறும் கலந்து மணிக்கட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்க, அவர் தலையைக் குனிந்து மென்றுகொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் மெல்லுவதை நிறுத்தியிருந்தோம்.

இன்று மூலக்குளத்தில் என் வீட்டில் மாதக் கடைசி வந்துவிட்டால் வாரத்தில் ஒரு நாளாவது டாக்கோதான். இப்போது சூப்பர் மார்க்கெட்டில் அதற்கென்றே ரொட்டி பாக்கெட்டில் கிடைக்கிறது. சீஸ் கிடைக்கிறது, சாஸ் பாட்டிலில் கிடைக்கிறது. அவற்றையெல்லாம் வாங்கினால் நாலு பேர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டே வரலாம். நான் அண்ணி செய்ததைப் போலத்தான் செய்கிறேன். கோதுமை மாவும் மக்காச்சோள மாவும் பாதிக்குப் பாதி, காராமணி, மீல்மேக்கர், முட்டைகோஸ், தயிர். வேலை முடிந்து வந்து கால் கை கழுவிவிட்டு அடுப்படிக்குள் போனால் பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடிப்பதற்குள் ஆகிவிடும். வயிறும் நிறையும். அவர்களுக்கு அது ஒரு ராத்திரிச் சாப்பாடு, அவ்வளவுதான். யார் முதலில் ரொட்டியை எடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு எடுப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த முதல் ரொட்டியை ஒருவர் எடுப்பதற்கு எத்தனை நாள் ஆனது என்று அவர்களிடம் நான் சொன்னதில்லை.

அண்ணன் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பவன். பாண்டியில் கடற்கரைக்குப் பின்னால் உள்ள தெருவொன்றில், வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் ஒரு சின்ன உணவகத்தில் ஃப்ரிட்ஜ் ஓடாமல் நின்றுபோய்ச் சரிசெய்யப் போனான். அங்கே சமையல்கட்டில் வேலை பார்த்த பெண், கெட்டுப்போகும் பாலையும் கோழியையும் காட்டி அவனைப் பிடி பிடியென்று பிடித்திருக்கிறாள். சொன்ன நேரத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு ஐஸ் பெட்டி வாங்கிவரவும் துரத்தியிருக்கிறாள். அந்தப் பெண்தான் பிறகு என் அண்ணி ஆனாள். கேட்டரிங் படித்தவள். எங்கள் ஊர் பாகூருக்குப் பக்கத்தில், ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். அவள் ஊர் அங்கிருந்து கிழக்கே, பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் கடலோரக் குப்பம். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறவர்.

அண்ணன் விஷயத்தைச் சொன்னபோது அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் அம்மாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். அவர், "அவங்க நம்ம ஆளுங்க இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு பேரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வில்லியனூரில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் எப்போதாவது தனியாக வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். அந்த நாட்களிலும் எங்கள் தெருவுக்குக் கடலோரத்திலிருந்து மீன்காரம்மா வந்துகொண்டுதான் இருந்தார். அப்பாவே குந்தி உட்கார்ந்து, செவுளைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவார். ஒரு நாள் அம்மா பாத்திரத்தை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "மீனு மட்டும் அங்கேர்ந்து வரலாம். பொண்ணு வந்தா ஆவாதா?" அப்பா ஒரு வஞ்சிரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்காரம்மா எதுவும் காதில் விழாதவர்போல் தராசை எடுத்தார்.

அம்மா மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டது அதற்கப்புறம். நான் கல்லூரியில் கடைசி வருஷம். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், ரசம் வைக்கத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கறவை மாடு வேறு. விஷயம் கேள்விப்பட்ட அன்றே அண்ணன் பைக்கில் வந்து இறங்கினான், பின்னால் இரண்டு பைகளுடன் அண்ணி. வரலாமா என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. அப்பா வயலிலிருந்து வந்தவர் வாசலில் கிடந்த புதுச் செருப்பைப் பார்த்தார்.  பிறகு கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, அம்மாவின் கைக்கட்டைத் தொட்டுப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டார். அவர்களைப் போகச் சொல்லவுமில்லை, வாங்க என்று சொல்லவுமில்லை. அன்றைக்கு அண்ணி கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். அப்பா பசியில்லை என்று சொல்லிவிட்டு மெயின் ரோட்டுக் கடைக்கு நடந்துபோய் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் டீக்கடை இட்லி, ராத்திரியில் பரோட்டா. மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அண்ணி சண்டைக்குப் பயப்படுகிற பெண் இல்லை. பஸ்ஸில் இடித்தவனை அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டவள். ஆனால் இதில் அவள் சண்டை போடுவதற்கு எதிரில் ஆள் இல்லை. தினமும் அப்பாவுக்கென்று ஒரு தட்டில் எடுத்து மூடிவைப்பாள். காலையில் அது மாட்டுத் தொட்டிக்குப் போகும். ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "உங்கப்பா என்னை நாலு வார்த்த திட்டிட்டாக்கூட பரவால்ல பாப்பா. வெச்ச சோறு அப்பிடியே ஆறிப்போயி கெடக்குது பாரு, அத பாக்கத்தான் முடியல." வெங்காயத்தாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

கரும்பு வயலில் அப்பாவுக்குத் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டார் என்று பக்கத்து நிலத்துக்காரர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தது அந்த மாதத்தில்தான். டாக்டர் சத்தம் போட்டார். மைதாவும் எண்ணெயும் தின்று மாத்திரை போட்டால் எப்படி என்று கேட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்ததும், "நாங்க வில்லியனூருக்கே போயிடறோம்மா. அவரு வூட்ல அவரு துன்னட்டும்," என்றான். அம்மா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "அப்ப இத இன்னா பண்ணட்டும்?" என்றாள்.  அண்ணி போவதற்குத் தயாராகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன். அவளுடைய துணிகள் கொடியிலிருந்து பைக்குள் போனதை அன்று பார்த்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, அவர்கள் கிளம்புவதற்குள், மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பிவிட்டது என்று ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. மெயின் ரோட்டுக் கடைகள் எல்லாம் மூடிவிட்டன. அண்ணி உணவகத்தில் வேலை முடித்துப் பாண்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, முழுக்க நனைந்து வீட்டுக்குள் நுழைந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே அடுப்படியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். மாதக் கடைசி. அம்மா சொல்லி நான் காலையில் ஊறப்போட்ட காராமணி இருந்தது. அரை முட்டைகோஸ், கொஞ்சம் தக்காளி, ஒரு மீல்மேக்கர் பாக்கெட். தயிருக்கு மட்டும் குறைவில்லை, வீட்டு மாட்டுப் பால்.

"அத்தை, சோறு கொழம்பு ரசம்னு நிக்க இன்னைக்கு தெம்பு இல்ல. டாக்கோ போட்டுடறேன்," என்றாள்.

"இன்னாது, டாக்காவா?"

"டாக்கோ. மெக்சிகோ நாட்டு சாப்பாடு. ரொட்டிய மடிச்சி உள்ள எல்லாத்தையும் வெச்சி துன்றது. எங்க ஓட்டல்ல இத துன்றதுக்குன்னே வருவாங்க."

"இருக்கறத வெச்சி பண்றதா இருந்தா பண்ணு," என்றாள் அம்மா.

மக்காச்சோள மாவை அவள் முன்பே வில்லியனூர் மாவு மில்லில் அரைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதனுடன் கோதுமை மாவைச் சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து உருண்டைகள் பிடித்தாள். காராமணி குக்கரில் வெந்ததும் பூண்டும் சீரகமும் மிளகாய்த்தூளும் போட்டு வதக்கி, கரண்டியின் முதுகால் பாதி மசித்தாள். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மிக்சியில் ஒரு சுற்று விட்டு, வெங்காயத்தோடு சிவக்க வறுத்தபோது கறி வறுக்கிற மாதிரியே வாசனை வந்தது. முட்டைகோஸை முடிமுடியாக அரிந்து உப்பும் எலுமிச்சையும் போட்டுப் பிசறினாள். தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்துமல்லி எல்லாவற்றையும் பச்சையாகப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டு ஒரு கிண்ணம். கடைந்த தயிர் ஒரு கிண்ணம். சீஸுக்குப் பதிலாக, வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்து ஒரு கிண்ணம். ரொட்டிக்குப் பூரிக்கட்டை வேண்டாம் என்றாள். காலியான மீல்மேக்கர் பாக்கெட்டை வெட்டி விரித்து எண்ணெய் தடவி, நடுவில் உருண்டையை வைத்து, எவர்சில்வர் தட்டின் அடிப்பக்கத்தால் ஒரு அமுக்கு. அதைப் பார்த்த அம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. இத்தனை நாளாக அடுப்படிக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள், இடது கையாலேயே அமுக்குகிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். அவள் அமுக்க அமுக்க, நான் தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் போட்டுத் திருப்பி, துண்டில் சுற்றினேன்.

அப்பா நனைந்துபோய் வந்து ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா, "கடையெல்லாம் மூடிக்கெடக்குது. ராத்திரிக்கு இன்னா பண்ணப்போறீங்க?" என்று கேட்டதற்கு வழக்கமான பதில்தான் வந்தது: "பசிக்கல." எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவது வழக்கம். அன்று அண்ணி கிண்ணங்களைப் பாயில் பரப்பி வைத்துவிட்டு, "இதுல யாரும் யாருக்கும் போட வேணாம். அவங்கவங்களே எடுத்து ரொப்பிக்க வேண்டியதுதான். சூடா இருக்கறப்பவே உக்காருங்க," என்று சொல்லித் தானும் உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஒரு நொடி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள்.

அண்ணன் எதையும் அளவாகச் செய்யத் தெரியாதவன். ரொட்டியில் எல்லாவற்றையும் மலைபோலக் குவித்து மடித்தான். அடியில் கிழிந்து மொத்தமும் லுங்கியில் கொட்டியது. இன்னொன்றை எடுத்தான், அதுவும் கொட்டியது. நாங்கள் சிரித்தோம். அப்பா டிவியைப் பார்ப்பதுபோல் இருந்தாலும் கண் இங்கேதான் இருந்தது. கரும்புக் கட்டு கட்டுவதில் அப்பாவை அடித்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. யாராவது கோணலாகக் கட்டினால் அவர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார், பிரித்துக் கட்டச் சொல்லுவார். அண்ணனின் மூன்றாவது ரொட்டியும் கிழிந்தபோது அவரால் முடியவில்லை.

"அப்பிடி ரொப்புனா கிழியாம இன்னாடா பண்ணும்?"

"நீங்கதான் செஞ்சி காட்டுங்களேன்," என்றான் அண்ணன், லுங்கியை உதறிக்கொண்டே. அவன் எரிச்சலில் சொன்னதுதான், வேறு எண்ணம் எதுவும் அதில் இல்லை.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பாயின் ஓரத்தில் குந்தினார். துண்டைப் பிரித்து ஒரு ரொட்டியை எடுத்து, கை மேல் வைத்து அதன் பதத்தைப் பார்த்தார். நடுவில் கோடு போட்ட மாதிரி கொஞ்சமாகக் காராமணி, அதன்மேல் மீல்மேக்கர், கோஸ், தக்காளி. தயிரை மட்டும் இரண்டு கரண்டி விட்டார், அது அவருக்குப் பிடிக்கும். அடிப்பக்கத்தை ஒரு மடிப்பு உள்ளே தள்ளி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து அண்ணன் முகத்துக்கு நேராகக் காட்டினார். "இப்பிடி."

அப்புறம்தான் அவருக்கே தெரிந்தது. அது அவர் கையில் இருந்தது. அண்ணனின் தட்டு பக்கத்திலேயே இருந்தது, வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். அவர் வைக்கவில்லை, எழவுமில்லை.  அண்ணி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் மெதுவாகப் பேசினாள்.

"மாவ அமுக்கனது நானு. கல்லுல போட்டு எடுத்தது பாப்பா. உள்ள ரொப்பனது நீங்களே. அப்புறம் இன்னா யோசன?"

அப்பா கடித்தார். நன்றாக மடித்திருந்தாலும் தயிர் அதிகம். அது பின்பக்கமாக வழியைக் கண்டுபிடித்து மணிக்கட்டில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. முழுவதையும் தின்று முடித்து, இன்னொரு ரொட்டியை எடுத்து நிரப்பிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "தக்காளியில உப்பு தூக்கல்."

அவர் அண்ணியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அடுத்த தபா கொறச்சிக்கிறேன் மாமா," என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அப்புறம் அவள் அடுப்படிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் நின்றாள். நான் பின்னாலேயே போகவில்லை.

அடுத்த நாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த நாள் காலையில் அப்பா வழக்கம்போல் டீக்கடைக்குத்தான் போனார். ஆனால் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என்னிடம், "இன்னைக்கும் மடிப்புதானா?" என்று கேட்டார். டாக்கோ என்ற வார்த்தை அவர் வாயில் கடைசி வரை வரவில்லை, அவருக்கு அது மடிப்புதான். இல்லை, சோறு குழம்பு என்று சொன்னால் கடைக்குப் போவார். மடிப்பு என்றால் வீட்டில் இருப்பார். அதனால் அண்ணி வாரத்தில் பல நாள் அதையே செய்தாள். காராமணிக்குப் பதில் கொண்டைக்கடலை, மீல்மேக்கருக்குப் பதில் முட்டைப் பொரியல், ஒரு நாள் நெத்திலிக் கருவாடு வறுத்து. அம்மாவே, "நாக்கு செத்துப்போச்சிடி, ஒரு வாய் ரசஞ்சோறு போடு," என்று கேட்கும்படி ஆனது. அப்படி ஒரு நாள் கிண்ணங்களோடு சோற்றுப் பாத்திரத்தையும் ரசத்தையும் சேர்த்து வைத்தாள் அண்ணி. அப்பா மடிப்பை முடித்துவிட்டு, அவரே கரண்டியை எடுத்துத் தட்டில் சோறு போட்டுக்கொண்டார். அவரேதான் போட்டுக்கொள்வார். அண்ணி கரண்டியோடு கிட்டே வந்தால், தட்டை லேசாக நகர்த்திக்கொள்வார். அந்தக் கோட்டை அவர் விடவில்லை, அவளும் அதைத் தாண்டவில்லை. டீக்கடைக்குப் போவது மட்டும் நின்றது.

அம்மாவின் கைக்கட்டைப் பிரித்ததும் அண்ணன் வில்லியனூருக்குத் திரும்புவதாக இருந்தது. பைகளெல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டன. அன்று திருக்கனூர்ச் சந்தைப் பக்கம் போயிருந்த அப்பா ஆட்டோவில் வந்து இறங்கி, ஒரு மூட்டையைத் தூக்கிவந்து பைகளின் பக்கத்தில் வைத்தார். மக்காச்சோளம். அண்ணியைப் பார்த்து, "இத அரைச்சி வெச்சிக்க. தீர்றதுக்கு நாளாவும்," என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அம்மாவைப் பார்த்தேன். அண்ணி தன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

அப்பா இப்போது இல்லை. அண்ணி அதே வீட்டில்தான் இருக்கிறாள், அதே உணவகத்துக்குத்தான் போகிறாள், இப்போது அங்கே சமையல்கட்டு முழுக்க அவள் பொறுப்பு. போன முறை போயிருந்தபோது அவளிடம் கேட்டேன், அந்த மழை நாளில் வேண்டுமென்றேதான் டாக்கோ செய்தாயா, அவரவர் கையால் எடுத்துக்கொண்டால் அப்பா சாப்பிட்டுவிடுவார் என்று யோசித்தாயா என்று. என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உனக்கு இன்னாடி பைத்தியமா? கால் கடுக்க நின்னுக்கினு வந்தேன். பரிமாற முடியலன்னு செஞ்சேன்." பிறகு அவளே சொன்னாள்: "உங்கப்பா துன்றப்ப அழுவ வந்திச்சி. அது நெஜம்."

ஆனால் அப்பாவை நினைக்கும்போது நான் கடைசியாகப் போய் நிற்பது எங்கள் வீட்டில் இல்லை, அண்ணியின் அம்மா வீட்டில். முதல் குழந்தை பிறந்து அண்ணி அங்கே இருந்தாள். வளைகாப்புக்கு அம்மாவும் நானும்தான் போயிருந்தோம், அப்பா வரவில்லை. குழந்தையைப் பார்க்க மட்டும், நாங்கள் கூப்பிடாமலேயே, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். மணல் தெரு. வலைகளைத் தாண்டித் தாண்டி நடந்தோம். அண்ணியின் அப்பா அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நாற்காலியை மட்டும் துடைத்துத் துடைத்துப் போட்டார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்ட அப்பா, அதன் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டு ஆண்களும் மழையைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் பேசினார்கள். வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ஆவி பறக்கும் சோறும் மீன் குழம்பும். அண்ணியின் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கரண்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழந்தையோடு அறை வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்தார். பிறகு, மனம் கோணாத குரலில், ஒரு விருந்தாளியின் வசதியைக் கேட்பதுபோல் கேட்டார்: "நான் போடட்டுங்களா சம்பந்தி? இல்ல, நீங்களே போட்டுக்கிறீங்களா?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். தட்டை இரண்டு கையாலும் எடுத்து அவர் பக்கமாக நீட்டினார்.

"நீங்களே போடுங்கம்மா," என்றார்.

ஒரு கரண்டி விழுந்தது, இன்னொன்று விழுந்தது, குழம்பு ஊற்றினார், மீனைத் தேடி நடுத்துண்டமாக எடுத்து வைத்தார். அப்பா நீட்டிய கையை மடக்காமலேயே இருந்தார், போதும் என்று சொல்லவே இல்லை.